ஆமை ஓட்டில் ஒரு பஞ்சம்

என்னுடைய பல் துலக்கும் பிரஷால் என் மனைவி ஓர் ஆமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பழசுதானேங்க" என்றாள். அன்று காலை நான் பல் துலக்கியது அந்தப் பழசால்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. விசாரணைக்குப் போகிற சாட்சியைப் பதற்றப்படுத்தக் கூடாது.

பெண் பார்க்கும்போது விஞ்ஞானி என்றார்கள். ராக்கெட் என்று நினைத்துக்கொண்டேன். ஊர்வன என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவை மூடி மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் நான் திறந்ததில்லை.

வழக்கு இதுதான். ஒரு வியாபாரியின் கிடங்கில் பெட்டி பெட்டியாக ஆமைகளைப் பிடித்தார்கள். காட்டில் பிடித்திருந்தால் குற்றம். பண்ணையில் பிறந்திருந்தால் சரக்கு. பண்ணைக்கான உரிமம் அவரிடம் இருந்தது. போன வருடமும் இதே கதைதான். 'முகத்தைப் பார்த்து எது காடு, எது பண்ணை என்று சொல்ல முடியுமா?' என்று அவருடைய வக்கீல் கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை. வியாபாரி பெட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அவை விமானம் ஏறின. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பூதக்கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்றும் தோற்றால் இவையும் போய்விடும்.

நீதிமன்ற வராந்தாவில் அவளுடைய நிறுவன இயக்குநர் காத்திருந்தார். தலைவர் பதவி இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும்.

"இந்த ஓட்டு வட்டம் கிட்டமெல்லாம் வேண்டாம்மா. நிபுணர் குழு ஒண்ணு போடச் சொல்லுவோம். நானே தலைவரா இருக்கேன்."

"குழு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆமைங்க ஃப்ளைட் ஏறிடும் சார்."

வழக்கில் என் பங்கு, கிடங்கில் பிடித்த ஆமைகளில் சில இருந்த பெட்டியைத் தூக்குவது. கடைசி பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியாபாரி வெள்ளைச் சட்டையில், சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் போல் பவ்யமாக நின்றார். எப்படி வளர்க்கிறீர்கள் என்று நீதிபதியம்மா கேட்டார். அவ்வளவுதான், மனிதர் உருகிவிட்டார்.

"எல்லாம் என் பண்ணையிலயே பொறந்து வளந்த குழந்தைங்கம்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட பட்டினி போட்டதில்ல. வருஷம் பூரா கீரை, காய், தண்ணி. பெத்த பசங்களக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல."

"குழந்தைங்கள என்ன விலைக்கு விக்கறீங்க?" என்றார் நீதிபதி, நிமிராமலே. வக்கீல் பின்னாலிருந்து வியாபாரியின் சட்டையை இழுத்தார். பாசம் பொங்குகிறவருக்குச் சட்டை இழுபடுவது தெரியுமா? "சத்தியமா ஒரு நாள்கூட இல்லம்மா" என்று இன்னொரு முறை சொன்னார்.

அடுத்து என் மனைவியைக் கூப்பிட்டார்கள். மேசை மேல் இரண்டு ஆமைகளை வைத்தாள். ஒன்று மிருகக்காட்சி சாலையில் பிறந்தது. தின்றே வளர்ந்ததில் அதன் ஓடு மேடு மேடாகப் புடைத்திருந்தது. மற்றது கிடங்கில் பிடிபட்டது, வழவழவென்று இருந்தது. பூதக்கண்ணாடியை நீதிபதியிடம் நீட்டினாள்.

"ஓட்டுல ஒவ்வொரு கட்டத்தையும் சுத்தி வட்டம் வட்டமா இருக்கு பாருங்கம்மா, வருஷத்துக்கு ஒண்ணு. மழைக்காலத்துல நல்லா மேஞ்சா அகலமா வளரும். காஞ்சு கிடந்தா மெலிஞ்சுடும். மிருகக்காட்சி சாலை ஆமைக்கு எல்லா வட்டமும் ஒரே அகலம். இதுக்கு வெளியிலேர்ந்து மூணாவது வட்டத்தப் பாருங்க."

"நூல் மாதிரி இருக்கே."

"பெட்டியில எத எடுத்தாலும் அதே மூணாவது நூல் மாதிரிதான் இருக்கும். அந்த வருஷம் மழையே இல்ல. காட்டுல புல்லு முளைக்கல."

நீதிபதி என்னைப் பார்த்தார். பெட்டியோடு ஓடினேன். அவரே கையை விட்டு ஒன்றை எடுத்தார். பார்த்தார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. என் மனைவியின் கை புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"அது வந்தும்மா..." வியாபாரி வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வருஷம் கொஞ்சம் கையக் கடிச்சுது. தீவனத்தக் குறைச்சிருப்பேன்."

"இப்பத்தானேய்யா சத்தியம் பண்ணீங்க?" என்றார் நீதிபதி.

அறை குலுங்கிச் சிரித்தது. வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். ஆமைகள் அனைத்தையும் காட்டில் விட வேண்டும், வியாபாரி மீது வழக்குத் தொடர வேண்டும் என்று உத்தரவானது. வராந்தாவில் அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே புரியாதபடி குலுங்கினாள். பக்கத்தில் இயக்குநர் யாரோ நீட்டிய மைக்கில், "நான் அப்பவே சொன்னேன், வட்டத்தப் பாருங்கன்னு" என்றார்.

காட்டில் விடும் நாளன்று பந்தலும் அவர் ஏற்பாடுதான். பெட்டிகளைத் திறந்து ஆமைகளைப் புதரோரம் இறக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிந்ததும் ஆமைகளோடு புகைப்படம் என்பது திட்டம். பூமி தோன்றியதில் தொடங்கினார். ஆமைகள் தலையை நீட்டி ஒருமுறை பார்த்தன, பிறகு நடந்தன. அவர் மனிதகுலத்துக்கு வருவதற்குள் பாதியைக் காணோம். தம்முடைய இளமைக்காலத்தை எட்டியபோது தரை காலியாகிவிட்டது. உலகத்திலேயே மெதுவாக நடக்கிற கூட்டம் அவரை முந்திப் போய்விட்டது.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் குந்தியிருந்தாள். முள்செடியின் அடியில் கடைசி ஆமை நின்று, முந்தாநாள் மழைக்கு முளைத்த புல் ஒன்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.