நீல வாளிக்கு நேர் கீழே

வயரைச் சுருட்டி நீல வாளியில் போட்டு, இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கயிறு கட்டித் தெருவுக்கு இறக்குவார்கள். அந்த வீட்டில் கார் சார்ஜ் ஏறுவது அப்படித்தான். தெருவில் யாருக்கும் சொந்தமாகக் கார் நிறுத்த இடமில்லை. முனையில் பொது சார்ஜர் ஒன்று உண்டு. மூன்று மாதமாக அதன் நெற்றியில் ‘பழுது’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. காகிதம் கிழிந்தால் மட்டும் ஒட்ட உடனே ஆள் வந்துவிடுவார்.

அன்று காலை எட்டு மணிக்கு, நர்ஸான அந்த வீட்டுக்காரி போனைப் பார்த்தாள். கார் சார்ஜ் ஒன்பது சதவீதம். முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புது ஆஸ்பத்திரியில் ஒன்பதரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது.

“ஏங்க, நேத்து சாயங்காலமே மாட்டிட்டேன்னு சொன்னீங்களே?”

“மாட்டினேனே!” என்றான் கணவன். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் கடை அவனுடையது.

எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு வெள்ளைக் காரில் வயர் சொருகியிருந்தது. அவர்களுடையதும் வெள்ளைதான், அதே மாடல்தான். ஆனால் அவர்களுடையது நேற்று இடம் கிடைக்காமல் தெருமுனையில் நின்றது.

“அது சலூன் அண்ணன் காருங்க!”

“நீ நம்ம காரை இங்க கொண்டு வந்துட்டேன்னு நெனச்சேன்.”

“உங்களைத்தானே கொண்டு வரச் சொன்னேன்! நம்பரைப் பாக்கலையா?”

“வீட்டுல இருக்கும்போது நான் கண்ணாடி போட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மாடலில் சார்ஜ் மூடியை யார் அழுத்தினாலும் திறக்கும். சொருகிவிட்டால், சாவி இருந்தால்தான் வயரை விடும்.

“இப்ப எடுத்து நம்ம கார்ல அரை மணி நேரம் போட்டா போதாதா?”

“அதென்ன அடுப்பா, உடனே கொதிக்க?”

சலூன்காரர் கையில் கத்தி இருந்தால் போனை அணைத்துவிடுவார். அது அவர் தொழில் கட்டுப்பாடு. அவள் சலூனுக்கே ஓடினாள். நாற்காலியில் ஒருவர் பாதி நுரையோடு அண்ணாந்திருந்தார்.

“அண்ணே, உங்க கார்ல எங்க வயர்...”

“காலைல பாத்தேம்மா. என்ன நல்ல மனசுன்னு நெனச்சேன்.”

“மனசெல்லாம் இல்லண்ணே. அவருக்குக் கண்ணு தெரியல.”

“அய்யய்யோ, அவர்கிட்டதானே நான் கண்ணாடி வாங்கினேன்!”

“சாவி வேணும்ணே.”

“ஆரம்பிச்ச முகத்தை முடிக்காம கத்தியைக் கீழ வைக்க மாட்டேன். பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷத்துல என் வேலையே போயிடும்.”

நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “சாவி எந்தப் பாக்கெட்டுலய்யா?” சொன்னவர் தானே கையை நீட்டி, சலூன்காரரின் பாக்கெட்டைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வாங்கியதும்தான் அவளுக்கு உறைத்தது. சலூன் அண்ணன் கார் நூறு சதவீதம் ஏறியிருக்கிறது.

“அண்ணே, சாவி மட்டும் போதாது. காரே வேணும்.”

“நாலு மணிக்கு எம் பொண்ணை ஸ்டேஷன்ல போய்க் கூப்பிடணுமே.”

“அதுக்குள்ள எங்க கார் ஏறிடும். அதை எடுத்துக்குங்க.”

“யாரு ஏத்துவா? உன் வீட்டுக்காரரா?”

சலூன்காரர் பெருமூச்சு விட்டார். “போம்மா, போ. சீட்டை மட்டும் நகர்த்தாதே.”

சீட்டை நகர்த்தாமல், நுனிக்கால் எட்டியும் எட்டாமலும் ஓட்டிக்கொண்டு போனாள். ஒன்பது இருபத்தாறுக்குக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடுவதற்குள் போன் அடித்தது.

“இங்க எல்லாம் தயார்,” என்றான் கணவன், பெருமை பொங்க. “இடம் காலி, வாளி காத்துக்கிட்டிருக்கு. கண்ணாடி போட்டுக்கிட்டு முனைக்குப் போய் நம்பரையும் ரெண்டு தடவை படிச்சுட்டேன். நம்ம கார்தான். ஆமா, அதோட சாவியை எங்க வச்சிருக்கே?”

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு சாவிகள் கிடந்தன.