அம்மா போனில் ஏறிய இ-சிம்

அம்மா எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம்தான் முதல்முறையாக ஒன்று கேட்டாள். "நீங்க இருந்த ஊரை ஒருதரம் பாக்கணுங்க."

கல்யாணமான கையோடு கடல் தாண்டி ஒரு துறைமுக ஊருக்கு வெல்டர் வேலைக்குப் போனவர் அப்பா. நடுநடுவே விடுமுறைக்கு வந்ததுபோக, நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் பெட்டி படுக்கையோடு திரும்பினார்.

"அங்க என்ன இருக்கு பாக்க?" என்றார்.

"நம்ம நல்ல வயசெல்லாம் அங்கதானே போச்சு. அது போன இடத்தையாவது பாக்க வேணாமா?"

அப்பா எழுந்துபோய் பீரோவில் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார்.

டிக்கெட், விசா எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டேன். அங்கே இறங்கியதும் நெட் வேண்டுமே என்று ஒரு இ-சிம் வாங்கி, அதன் க்யூஆர் கோடை அப்பா போனுக்கு அனுப்பிவிட்டு, ஆபீசிலிருந்தே கூப்பிட்டு வழி சொன்னேன்.

"இதுல சிம் எங்க இருக்கும்மா?"

"சிம்மே கிடையாதுப்பா. அந்தக் கோடை ஸ்கேன் பண்ணா போதும், தானா உள்ள ஏறிடும்."

"கோடு இந்த போன்லதானே இருக்கு? இதே போன் அதை எப்படிப் படம் பிடிக்கும்? என் முதுகை நானே பாக்கணுங்கற."

நியாயமான கேள்வி. அதை அம்மா போனுக்கு அனுப்பி, அவளைத் திரையைக் காட்டச் சொல்லி, அப்பா போனால் ஸ்கேன் செய்யச் சொன்னேன். அம்மா, படத்தைப் பெரிதாக்குகிறேன் பேர்வழி என்று விரலை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். போன் ஏதோ கேட்டது. யார் எதைக் கேட்டாலும் சரி சொல்லியே பழகியவள், அதற்கும் சரி சொல்லிவிட்டாள்.

இ-சிம் அம்மா போனில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு கோடு ஒரே ஒரு போனுக்குத்தான்.

"இன்னொண்ணு வாங்கிடறேன்பா."

"எதுக்கு? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சுத்தப் போறோம். உங்கம்மா போன்லேந்து நான் வாங்கிக்கறேன்."

அம்மாவுக்கு ஹாட்ஸ்பாட் போடச் சொல்லிக்கொடுத்தேன். இறங்கியதும் அந்த லைனையும் டேட்டா ரோமிங்கையும் ஆன் செய்யவேண்டும் என்பதையும் இரண்டு தடவை சொன்னேன்.

"அப்ப, அங்க இவர் என்னை விட்டு நகர முடியாதுன்னு சொல்லு," என்றாள் அம்மா. குரலில் சிரிப்பு இருந்தது.

போய் இறங்கிய மறுநாள், அப்பா தங்கியிருந்த அறையைப் பார்க்கக் கிளம்பினார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதுமே திக்குத் தெரியவில்லை. கப்பல் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நின்றன. தெருக்களின் மேலே புதிதாக ஒரு மேம்பாலம். "நீ இங்கயே நில்லு, அந்தப் பக்கம் பாத்துட்டு வந்துடறேன்," என்று அம்மாவை ஒரு முனையில் நிறுத்திவிட்டு, அந்தக் காலத்து வேகத்தில் நடந்துவிட்டார். பாலத்தைத் தாண்டுவதற்குள், அம்மா போனிலிருந்து வந்த நெட் எட்டாமல் அவர் போனில் மேப் உறைந்துபோனது. அப்பா தன் சொந்த லைனில் ரோமிங் போட்டுக்கொள்ளவில்லை. கூப்பிடவும் வழியில்லை.

எனக்கு அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அப்பாவைக் காணோம். நான் பூத்துக்குப் போறேன்."

எந்த பூத் என்று கேட்டேன். பதில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார். அம்மாவை நிறுத்திய முனைக்கே திரும்பி வந்து, அங்கிருந்த ரொட்டிக் கடையில் கெஞ்சி வைஃபை வாங்கியிருந்தார்.

"உங்கம்மாவை விட்ட இடத்துல காணோம்மா. பாஷை தெரியாத ஊரு. எங்கன்னு தேடுவேன்?"

"பூத்துக்குப் போறேன்னு அனுப்பியிருக்காப்பா. என்ன பூத்?"

"அங்கயா?" என்றார். "எப்படிப் போனா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அப்பா அந்த ஊரில் ஒரு மேட்டின் மேலிருந்த டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிடுவார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக் கூடத்தில், அவர்கள் சோபாவின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள். அவள் மடியில் நான். எங்களுக்காக டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னிக்கு எந்த வழியா வந்தீங்க?" என்பாள். எறும்பு பேசுவதுபோல அப்பா குரல் எனக்கும் கேட்கும். பெரிய கடிகாரம் வைத்த ரொட்டிக் கடை. சோப்பு வாசனை அடிக்கிற சலவைக் கடை. அங்கிருந்து மேடு, கைப்பிடிக் கம்பி. வைக்கும்முன், அறைக்குத் திரும்பிப் போகிற வழியையும் கேட்பாள். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே வழி. இதை எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்தபடியே நான் தூங்கிப்போயிருக்கிறேன்.

"அப்பா, நீங்க நிக்கற ரொட்டிக் கடையில கடிகாரம் இருக்கா?"

"இருக்கு," என்றார். "நான் கவனிக்கவே இல்ல பாரு." போனை வைத்துவிட்டார்.

மற்றதை இருவரும் ஊருக்கு வந்த பிறகு, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு சொன்னார்கள். மேட்டின் உச்சியில் பூத் இல்லை. அது நின்ற இடத்தில் நடைபாதையில் சிமெண்ட் பூசிய ஒரு சதுரம்தான் மிச்சம். பக்கத்து பெஞ்சில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க ஏறி வந்த அப்பாவுக்கு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நின்ன எடத்துல நிக்க மாட்டியா? உயிரே போயிடுச்சு."

"நின்னேன். நிமிர்ந்து பாத்தா கடிகாரம். அப்புறம் எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு. சலவைக் கடை இப்ப முடிவெட்டற கடை ஆயிடுச்சு. கம்பி அப்படியே இருக்கு."

"இதெல்லாமா ஞாபகம் வெச்சிருந்தே?"

"அத்தனை பேர் உக்காந்திருந்த கூடத்துல வேற என்னத்தைக் கேக்க முடியும்? நீங்க அதையாவது சொல்லிட்டிருந்தா, உங்க கூடவே நடந்து வர மாதிரி இருக்கும்."

அப்பாவுக்கு இது தெரியாது. எத்தனையோ வெள்ளிக்கிழமை, 'இவளுக்கு என்னிடம் கேட்க வேறொன்றும் இல்லையா' என்று நினைத்தபடி அறைக்குத் திரும்பியிருக்கிறார்.

"இப்ப கூடத்துல யாரும் இல்ல," என்றார். "அப்ப கேக்க நெனச்சதைக் கேளு."

அம்மா யோசித்துப் பார்த்தாள். "எல்லாம் மறந்துபோச்சுங்க," என்றாள். "உங்க கையில தீப்பொறி பட்டா யார் மருந்து போடுவாங்கன்னு கேக்கணும்னு ஒருதரம் நெனச்சேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"நானேதான் போட்டுப்பேன். இடது கையால."

அம்மா அவர் வலது கையை எடுத்து, வெளிறிப்போயிருந்த தழும்புகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அங்கிருந்து அறைக்குப் போகிற வழி அப்பாவுக்கு இப்போது நன்றாகவே நினைவுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் சொல்லாமல், அம்மாவையே முன்னால் நடக்க விட்டார்.