பச்சைப் பட்டையில் நானும்

கலேவெலப் பக்கத்துப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குக் கைபேசி உண்டு என்று கண்டுபிடித்த அறிவாளி நான்தான். “உங்களுக்கு போன் நம்பர் உண்டா?” என்பது என் கணக்கெடுப்பின் கேள்வி. கேள்வி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் படிவத்தை நானே நிரப்பினேன். நல்ல தரவை வீணாக்குவானேன் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். மாத்தளையில் நடந்த கூட்டத்தில் ‘ஆம்’ சொன்னவர்களைக் காட்டும் என் பச்சைப் பட்டை திரையின் உச்சியை முட்டி நின்றது. இனிக் கடனுக்காகப் பெண்கள் நாலு தரம் அலைய வேண்டாம், போனுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொன்னால் போதும் என்று முழங்கினேன். நிதி நிறுவனத்து முகாமையாளர் மகேந்திரராஜா கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திட்டம் தொடங்கிய அன்று அந்த அழகைப் பார்க்க நானே அந்த நிறுவனத்தின் கலேவெலக் கிளைக்குப் போனேன். முதலில் வந்தவர் ஹமீமா ராத்தா. வீட்டில் கேக், பணிஸ் சுட்டு விற்பவர். நோன்புக்கு முன், அவற்றைச் சுட ஒரு மின்சாரப் போறணை வாங்கக் கடன் கேட்டிருந்தார், அதுவும் சரியாகிவிட்டது. பின்னேரம் மூன்று மணிக்குள் எண்ணைச் சொன்னால் பணம். தவறினால் அடுத்த சுற்று, அதாவது பெருநாள் முடிந்த பிறகு. ராத்தாவோ ஊர் முழுக்க ஓடர் எடுத்து வைத்திருந்தார்.

மகேந்திரராஜா எண்ணை அனுப்பினார். நான் ராத்தாவின் கைப்பையையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“போன் எங்க ராத்தா?”

“அவருகிட்ட மிஸ். சீகிரியாவுக்கு ஹயர் போயிட்டாரு.”

அவருடைய கணவர் ஹாஷிம் த்ரீவீலர் ஓட்டுகிறார். என் கேள்விக்கு ஆம் என்றீர்களே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்திலும் கிளினிக்கிலும் கொடுக்கிற நம்பரைத்தானே தந்தேன் என்றார். பொய்யில்லை. கிளினிக்கில் பெண்கள் கணவரின் நம்பரை ஒப்பிப்பதைக் கேட்டே வளர்ந்தவள் நான். கேள்வி எழுத உட்கார்ந்தபோது மட்டும் நேற்றுத்தான் விமானத்தில் வந்திறங்கியவள் மாதிரி எழுதியிருக்கிறேன்.

ஹாஷிமுக்கு அழைத்தோம். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டாராம், அவ்வளவு நல்ல மனிதர். எண் காலாவதியானது. மறுபடி அனுப்பினோம், அதுவும் காலாவதியானது. என் கணக்கெடுப்பில் வந்த நம்பர் யார் பெயரில் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அதை மாற்றுவதென்றால் ராத்தாவின் பெயரிலேயே பதிவான சிம் வேண்டும் என்றார் மகேந்திரராஜா. அந்த விதியை எழுதியதும் அடியேன்தான். ராத்தாவின் முகம் வாடியது.

பஸ் நிலையத்துக்கு எதிரே சிம் விற்கும் கொமியூனிகேஷன் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். அடையாள அட்டையைக் காட்டிப் புதிய சிம் எடுத்தாயிற்று, ஆனால் அதைப் போடப் போன் இல்லை. என் போனில் இரண்டாவது சிம்முக்கு இடம் காலியாக இருந்தது; அதில் போட்டோம். அது இயங்கத் தொடங்கும்வரை என் வாய் சும்மா இருக்குமா? தன் பெயரில் இல்லாத நம்பர் தன் நம்பரே இல்லை என்று கடைக்குள்ளேயே பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ராத்தா மரியாதையாகக் கேட்டு முடித்தார்.

“உங்கட நம்பர் யாருட பேருல இருக்கு மிஸ்?”

கல்யாணமான புதிதில் என் கணவர் அக்ரம் தன் பெயரில் எடுத்து, போனோடு சேர்த்து அன்பளிப்பாகத் தந்த சிம் அது. மகிழ்ந்து வாங்கியதோடு சரி, இத்தனை வருடத்தில் மாற்றத் தோன்றவேயில்லை. வெட்கத்தோடு அதைச் சொன்னேன். ராத்தா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“பரவாயில்ல மிஸ். நீங்களும் ஒன்னு எடுங்களேன்,” என்றார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், கிளையில் ராத்தாவின் நம்பரை மாற்றியதும், என் போன் கிணுகிணுத்தது. ராத்தா எண்ணை உரக்க வாசித்தார். போறணை உறுதியானது. பிறகு சிம்மைக் கழற்றி அடையாள அட்டை உறைக்குள் செருகிக்கொண்டு புறப்பட்டார். என் போனில் ஒரு பெண்ணின் பெயரில் இருந்த ஒரே நம்பரும் அவரோடு போய்விட்டது.

மாத்தளை பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்தேன். பச்சைப் பட்டையில் எத்தனை பேரைக் கழிப்பது என்று தெரியவில்லை. எல்லோரிடமும் மறுபடி போய்க் கேட்க வேண்டும். நான் நிரப்பிய முதல் படிவத்தில் இருந்து தொடங்கினேன். பெயர், நிஷ்மியா. ‘ஆம்’ என்பதை அழித்துவிட்டு ‘இல்லை’ என்று போட்டேன்.