கஸுஹிசாவின் கடைசி இரண்டு சீட்டு

அந்தச் சீட்டுக்கட்டைச் சேர்த்தவள் நான். பெயர் மட்டும் என் அண்ணன் கஸுஹிசாவுடையதாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எங்கள் ஆட்டத்தில் ஒரு சீட்டை மேசையில் இறக்க வேண்டுமானால், கையிலிருக்கும் வேறு சீட்டுகளை எறிந்துதான் விலை கொடுக்க வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். ஊரே கைச்சீட்டைப் பொத்திப் பொத்திச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஏழெட்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றுப்போவார்கள் மடையர்கள். அது என்ன, நாளைக்குச் சாப்பிட எடுத்துவைக்கும் புட்டிங்கா? அது விறகு. வந்ததை வந்தவுடன் எரி, எதிராளி சுதாரிப்பதற்குள் அடி. இதுதான் என் சிவப்புக் கட்டு.

குளிர்காலம் முழுக்க, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அண்ணனோடு ஆடி ஆடித்தான் அதைச் சீர்செய்தேன். வசந்தம் வந்ததும் அண்ணன் துரை தன் வீடியோ சேனலில், 'நான் கண்டுபிடித்த கட்டு' என்று போட்டுவிட்டான். தங்கை என்று ஒருத்தி இருப்பதாகவே மூச்சுவிடவில்லை. அது போதாதென்று ஒரு தத்துவம் வேறு: எல்லாவற்றையும் எறியலாம், கடைசி இரண்டு சீட்டை மட்டும் எறியவே கூடாது, கையில் இரண்டைப் பார்த்தால் எதிராளி பயந்து பாதி அடியோடு நிறுத்திக்கொள்வான். 'கஸுஹிசாவின் இரண்டு' என்று ஒசாகா முழுக்க இதே பேச்சு. உண்மையிலேயே எல்லோரும் பயந்தார்கள். அவனும் ஜெயித்துக்கொண்டே போனான்.

அந்த இரண்டின் கதை எனக்கல்லவா தெரியும்! கட்டுக்குத் தேவையான இரண்டு சிவப்புச் சீட்டு அந்தக் குளிர்காலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எண்ணிக்கை குறையக்கூடாதே என்று பழைய கட்டிலிருந்து இரண்டு நீலத்தைச் செருகி வைத்திருந்தேன். சிவப்புக்கு நீலத்தை எறிய முடியாது. அதனால் அவை என் கையிலேயே மிஞ்சிக் கிடந்தன. அவ்வளவுதான் விஷயம். எதிரே உட்கார்ந்து சீட்டின் முதுகுப்பக்கத்தை மட்டும் பார்த்தவன் அதைத் தத்துவமாக்கிவிட்டான்.

வீட்டில் கேட்டேன்.

"நான் யோசிச்சதை உன் பேர்ல போட்டுக்கிட்டியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"வீடியோல நின்னு பேசுனது நான்தானே? நீயும் வந்து பேசேன், யாரு வேணாங்கிறா?"

"என் பேரைச் சொன்னா உன் வாய் வெந்துடுமா?"

"சும்மா கத்தாத சுமி. கல்லுல ஒகோனோமியாகி அடை தீயுது, திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன், அவன் பங்கை நன்றாகக் கருகவிட்டு. நீலச் சீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவனாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். எங்கே கேட்டான்!

நிப்போன்பாஷியில் நகுமோ-சானின் சீட்டுக் கடையில் வருடா வருடம் ஒரு போட்டி. ஜெயித்த கட்டைச் சுவரில் மாட்டுவார்கள், ஜெயித்தவர் சொல்லும் பெயரோடு. அந்தச் சுவரில் ஏறிய பெயர்தான் நிலைக்கும். பிறகு எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது. என் கட்டு என் பெயரில் ஏற வேண்டும், அதற்காகத்தான் சேர்ந்தேன். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து உட்கார்ந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? இருவர் கையிலும் அதே சிவப்புக் கட்டு.

சுற்றிலும் அவன் ரசிகர் கூட்டம். அவன் வழக்கம்போல் கையிலிருந்த இரண்டு சீட்டையும் ஒன்றின்மேல் ஒன்று மாற்றி மாற்றி, டக் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தான். இங்கே பாதிப் பேருக்கு அந்த வியாதி உண்டு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

என் கைச்சீட்டைச் சுத்தமாக எரித்துவிட்டேன், ஒரு சீட்டு மிச்சமில்லை. மேசையில் அடிக்கத் தயாராக இரண்டு வீரர் சீட்டுகள். அவனுக்குக் காவலாக ஒரே ஒரு மதில் சீட்டு, மிச்சம் ஒரே ஒரு உயிர். முதல் வீரனை மதிலின்மேல் ஏவினேன். அவன் கையிலிருக்கும் இரண்டு சிவப்பையும் எறிந்தால் மதில் நிற்கும். எறியாவிட்டால் மதில் விழும். அடுத்த அடி அவன் உயிருக்குத்தான்.

"அண்ணா, அந்த ரெண்டையும் போட்டுடு. மதில் நின்னா நீதான் ஜெயிப்ப. என் கை காலி."

கூட்டம் சிரித்தது. அவன் அதைவிடச் சிரித்தான்.

"என் வித்தையை எங்கிட்டயே காட்டுறியா? ரெண்டு இருக்கும்போது நீ ரெண்டாவது ஆளை அனுப்ப மாட்ட. வீட்டுக் காவலுக்கு வெச்சுக்குவ. எல்லாரும் அதான் செய்வாங்க."

"நான் எல்லாரும் இல்ல. கடைசியா சொல்றேன், போடு."

"மதில் போகட்டும்," என்றான், தட்டிக்கொண்டே.

மதில் விழுந்தது. நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. இரண்டாவது வீரனையும் ஏவினேன்.

தட்டுகிற சத்தம் நின்றது. கையிலிருந்த இரண்டையும் பார்த்தான், என்னைப் பார்த்தான். மதில் இல்லாமல் அவற்றை வைத்து என்ன செய்வது? அவன் ரசிகன் ஒருவன், "ஐயையோ, ரெண்டையும் வெச்சுக்கிட்டே தோத்துட்டாரே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

நகுமோ-சான் அட்டையும் பேனாவுமாக வந்தார். "என்ன பேரும்மா போடணும்?"

"சுமிரேயோட கட்டு. அவ்வளவுதான்."

அவர் எழுதி மாட்டினார். ஆசை தீர நின்று பார்த்தேன். அண்ணன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

"சுமி, ரெண்டாவது ஆளை எப்படி அவ்வளவு தைரியமா அனுப்புன?"

பையிலிருந்து அந்த இரண்டு நீலச் சீட்டையும் எடுத்து அவன் கையில் வைத்தேன். "குளிர்காலம் பூரா என் கையில மிஞ்சிக் கிடந்தது இதுங்கதான். சிவப்பு கிடைக்கல, இதைச் செருகுனேன். எறியவே முடியாது, அதான் எறியல."

அவன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"தினமும் எதிர்ல உக்காந்து ஆடுனியே. 'ஏன் சுமி அதை மட்டும் வெச்சிருக்க?'ன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டியா?"

ரயிலில் வீடு திரும்பும்வரை அந்த நீலச் சீட்டுகள் அவன் கையிலேயே இருந்தன. அவன் தட்டவேயில்லை.