உப்புத்தாள்

காலை ஒன்பது மணிக்கே எஃப்.சி. காட்டும் மைதானத்தில் பதினோரு வண்டிகள் நின்றன. மைக்கேல்ராஜின் வெள்ளைக் கார் ஏழாவது. பேருக்குக்கூட ஒரு மரம் இல்லாத இடம். டிரைவர்கள் அவரவர் வண்டி நிழலில் குந்தியிருந்தார்கள். மைக்கேல்ராஜ் மட்டும் உட்காரவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து நான்கு டீச்சர்களைக் கல்வராயன் மலைமேல் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சாயந்தரம் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவன் பிழைப்பு. வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி. நேற்றோடு முடிந்துவிட்டது. இன்று ஒருநாள் டீச்சர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறார்கள். "திங்கக்கெழம வரலன்னா வேற வண்டிதாண்ணா பேசணும். தப்பா நெனைக்காதீங்க" என்று இசைவாணி டீச்சர் நேற்றே சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் ஒன்பதே காலுக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

போன மழைக்காலம் முழுக்க அந்த இசைவாணி டீச்சரின் குடை முன்சீட்டுக் காலடியில் சொட்டிக்கொண்டே வந்தது. குடையை வெளியே பிடியுங்கள் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. சீட்டுக்கு அடியில், தகட்டில் வெட்டியிருந்த, வண்டிக்கு அடையாளமான சேஸ் நம்பர்மேல் நன்றாகத் துரு ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டர் குனிந்தால் நம்பர் பளிச்சென்று தெரியவேண்டுமே என்று இன்று காலை தியாகதுருகத்தில் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, உப்புத்தாளால் அரைமணி நேரம் தேய்த்தான். மனைவி கிரேஸ் காபியோடு வந்து நின்று, "போதும் வுடு, மொகம் தெரியுது" என்று சொன்ன பிறகுதான் எழுந்தான்.

வரிசையை ஒட்டி நடந்து வந்தார் காசிநாதன். சேஸ் நம்பரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தீட்டி, அச்சு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. இருபது வருடமாக இந்த வேலைதான். சட்டைப்பையில் எப்போதும் நாலு பென்சில் இருக்கும். முன்கதவைத் திறந்து முழங்கால் போட்டு, சீட்டைப் பின்னால் தள்ளி, மெல்லிய தாளை ஒட்டித் தீட்ட ஆரம்பித்தார். தாள் கறுக்க, வெட்டிய கோடுகள் வெள்ளையாக எழுந்து வந்தன. பதினேழில் பதின்மூன்று எழுத்துவரை குறையில்லை. அதற்கப்புறம் பென்சில் வழுக்கிக்கொண்டு போனது.

காசிநாதன் தாளை எடுத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாய்யா பண்ண இத?"

"துரு ஏறிக் கெடந்துச்சுண்ணே. உப்புத்தாள் போட்டன்."

"அடப் பாவி மனுசா! மண்ணெண்ணெயில துணிய நனச்சி ஒத்தி எடுக்க வேண்டியதுதான? துருவோட வுட்டிருந்தாகூட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. திருட்டு வண்டில நம்பர மாத்தறவன்தான்யா உப்புத்தாளத் தொடுவான்."

"பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதாண்ணே..." என்று மைக்கேல்ராஜும் குனிந்து தகட்டைத் தடவிப் பார்த்தான்.

மோட்டார் வாகன ஆய்வாளர் தமிழ்வேந்தனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் மைக்கேல்ராஜுக்கு அதிக பயமாக இருந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்து ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நம்பர அழிச்சிருக்கீங்க."

"அழிக்கலீங்க சார். தொடச்சேன்."

"கடைசி நாலும் எனக்குத் தெரியல. கண்ணுக்குத் தெரியாத நம்பருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"போன வருஷம் இதே எடத்துல எடுத்த பிரிண்டு உங்க ஃபைல்ல இருக்கும் சார்."

"பழைய ஃபைலெல்லாம் ஸ்கேன் பண்ணப் போயிருக்கு. எப்ப வரும்னு தெரியாது."

மைக்கேல்ராஜ் கிரேஸுக்குப் போன் போட்டான். ஆறு வருடத்துக்கு முன் திருக்கோவிலூரில் இந்தக் காரைக் கைமாற்றி வாங்கியபோது புரோக்கர் பேச்சை அவள் நம்பவில்லை. தானே காருக்குள் மண்டிபோட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, இவன் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தான். அன்றைக்கே அதைப் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தாள். அங்கே டயானா பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி. ஆல்பர்ட் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி. அதற்குக் கீழே இந்தக் காரின் பதினேழு எழுத்து.

ஸ்பீக்கரில் அவள் குரல் நிதானமாக வந்தது. தமிழ்வேந்தன் ஆர்.சி.யில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "எட்டு, ரெண்டு, ஆறு, மூணு" என்று முடித்தாள்.

"சரியா இருக்கும்மா. ஆனா அது வண்டியில இருக்கணுமே."

"சார், பைபிள்ல போய்ப் பொய் எழுதுவமா சார்?"

"பொய்னு சொல்லலைங்கம்மா. ரூல் அப்படி. லேப்ல டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் வரணும். அதுவரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்."

"எத்தினி நாள் ஆவும் சார்?" மைக்கேல்ராஜ் கேட்டான்.

"ரெண்டு மாசம். மூணுகூட ஆகலாம்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்தாறு வயதில், இத்தனை டிரைவர்களுக்கு நடுவில் எப்படி அழுவது? காரை மைதானத்தின் சுவரோரமாக அவனையே ஓட்டிப்போய் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தான். சட்டைப்பையில் போன் அடித்தது. இசைவாணி டீச்சர். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆபீஸிலிருந்து அரங்கநாதன் என்கிற ஊழியர் பசை டப்பாவும் வண்டியைப் பிடித்து வைக்கும் நோட்டீசுமாக வந்தார். காரின் பானெட்மேல் தாளை வைத்துப் பெயர், ஊர், வண்டியின் நிறம் எல்லாம் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"சேஸ் நம்பர் பதினேழும் எழுதணும். ஒண்ணு வுட்டாலும் நோட்டீசு செல்லாதுன்னு திருப்பிடுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முன்கதவைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலில் எச்சிலைத் தொட்டுத் தகட்டில் தடவினார். வெளிச்சம் படும்படி தலையைச் சாய்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்து எழுதினார்.

"...எட்டு, ரெண்டு, ஆறு, மூணு. சரியாய்யா?"

"சரிதாங்க" என்றான் மைக்கேல்ராஜ்.

தமிழ்வேந்தன் நோட்டீசை வாங்கி, நம்பரை ஆர்.சி.யோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரங்கநாதன் அதை முன்கண்ணாடியில் ஒட்டி, ஓரம் கிளம்பிவிடாமல் இருக்க உள்ளங்கையால் நன்றாக அழுத்தித் தேய்த்தார்.