நேர்ந்துவிட்ட சேவல்

1

இந்தக் கதை ஓர் ஆந்தையிலிருந்து வந்தது. பீடோங் ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், எலி பிடிப்பதற்கென்று கம்பத்தில் வைத்த ஆந்தைப் பெட்டிக்குக் கீழே அது செத்துக் கிடந்தது. பழத்தை எலி தின்னும், எலியை ஆந்தை தின்னும், ஆந்தை மண்ணாகும், மண்ணைச் செம்பனை தின்னும். அழகான வட்டம் என்று எழுத உட்கார்ந்தேன். எலி மருந்தும் அதே வட்டத்தில்தான் சுற்றும் என்று உறைத்ததும் கை ஓடவில்லை.

2

'ஷாமளா நிறைமாதக் கர்ப்பிணி. அவள் மகிழ்ச்சியாக…' (அடித்துவிட்டேன். பொய்.)

பல் துலக்கித் துப்பினாள், ரத்தம். ஷாமளாவுக்குச் சேவல் ஞாபகம் வந்தது. போன ஞாயிறுதான் முனியாண்டிக்குப் படையல். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க மாமியார் பாப்பம்மா நேர்ந்துவிட்ட சேவல் அது. (நேர்ந்ததை மாற்றக்கூடாது. யாருக்காக நேர்ந்ததோ, அவள்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும்.)

படையலுக்கு முந்தின நாள் அந்தச் சேவல் செத்த எலி ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்ததை ஷாமளா பார்த்தாள். தோட்டத்து மரத்தடியில் எலி மருந்து வைப்பதே அவள் கணவன் சசிதரனின் வேலை. அவளுக்குத் தெரியாதா என்ன? சொல்ல வாயெடுத்தாள். சாமி சேவலைக் குறை சொன்னால் பிள்ளைக்கு ஆகாதே என்ற பயம் வாயை அடைத்துவிட்டது.

"மொத வாயி நீதாம்மா," என்று பாப்பம்மா ஈரல் துண்டை ஊட்டினாள். குடலையும் இறகையும் சசிதரன் செம்பனை அடியில் புதைத்தான்.

(எலி மருந்து ரத்தத்தை உறையவிடாது, அது அதிகம் தங்குவது ஈரலில் என்று பிறகு படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.)

3

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. 'ஷாமளா அந்தக் கையைத் தட்டிவிட்டு…' என்று எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை. சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஆசையாக நீட்டிய கை அது. நானாக இருந்தாலும் தின்றிருப்பேன்.

4

கிளினிக். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஈறைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாசமா இருந்தா இப்படி வர்றது சகஜம்லா. வேற ஏதும் சாப்பிட்டீங்களா?"

பாப்பம்மா பக்கத்தில் இருக்கிறாள். சொன்னால், சாமிக்கு விஷக்கோழி படைத்த பழி சசிதரன் தலையில் விழும்.

முதல் முடிவு: 'மிஸ்ஸி சொன்னதே சரி. பிள்ளை கொழுகொழுவென்று…'

இரண்டாவது முடிவு: 'வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுக்கு…' (மாட்டேன். இதை எழுத எனக்குத் தைரியமில்லை.)

வயிற்றில் பிள்ளை உதைக்கிறது. ஷாமளா தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்கிறாள். மிஸ்ஸி அடுத்த பெயரைக் கூப்பிடப்போகிறார்.

அவள் என்ன தின்றாள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களாவது சொல்லுங்கள்.