முதுகுச் சாய்மானம்

அப்பா சட்டென்று எழுந்தால் அம்மா பின்னால் சரிந்துவிடுவாள். அதனால் அவர் மெல்ல மெல்ல விலக, ஹேமாவதி மறுபக்கமாகக் கட்டிலில் ஏறித் தன் முதுகைக் கொடுத்தாள்.

"தாங்குவியா?" என்றார் சீனிச்சாமி.

"தாங்குவேன். நீங்க போய்ப் படுங்கப்பா."

அம்மா மொக்கம்மாளுக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. நாற்பது வயதில் மதுரையில் பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். அதன்பிறகு காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கணவனுக்குச் சமமாக நின்று கொடிகளைக் கவாத்து வெட்டினாள். அறுபதுக்கு மேல் வால்வு மறுபடி இறுகியது. கால் வீங்கியது. நுரையீரலில் நீர் கோத்தது. இனிமேல் ஆபரேஷனை உடம்பு தாங்காது என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார்.

படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிப் பார்த்தார்கள், நழுவிக்கொண்டே இருந்தன. கடைசியில் சீனிச்சாமியே பின்னால் உட்கார்ந்து முதுகைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவரும் படுக்கவில்லை.

இன்று அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். "மக வந்திருக்காள்ல, இன்னிக்காச்சும் காலை நீட்டிப் படுங்க. நீங்க விழுந்துட்டீகன்னா என்னைய யாரு பாக்குறது?"

தரையில் பாயை விரித்துப் படுத்தவர் அடுத்த நிமிடமே குறட்டை விட்டார். அம்மாவின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள்.

"கேட்டியாத்தா? கல்யாணமான புதுசுல இந்தச் சத்தத்துக்குப் பயந்து எங்கப்பன் வீட்டுக்கே ஓடிரலாமான்னு பாத்தேன்."

"இப்ப?"

அம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "இதக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. பாவம், எப்பிடித் தூங்குறாக பாரு. எழுப்பிராத."

அவள் மூச்சு ஏறி இறங்குவதை ஹேமாவதி தன் முதுகில் உணர்ந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் பாயின் ஓரத்துக்கு வந்திருந்தது. பேச்சு நின்றது. மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. பிறகு முதுகில் பாரம் கூடியது.

"அம்மா?"

கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். அது திருப்பிப் பிடிக்கவில்லை. நாடியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருக்க, கன்னத்துக்குக் கீழே கையை மடக்கி வைத்துக்கொண்டு தூங்கினார்.

தெருவில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் முனகிப் புரண்டு, காலை இன்னும் நன்றாக நீட்டிக்கொண்டார்.

அம்மா சரிந்துவிடாதபடி ஹேமாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.